சும்மா கிடக்கும் நிலம்

நான் வசிக்கும் புறநகர்த் தெருவின் கடைசியில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டி, 22 சென்ட் என்று குறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கு கிரவுண்டு. மனை போட்டு விற்றவர் அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அந்தப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் வருகின்றன. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

நேரில் போய்ப் பார்த்தால் வடமேற்கு மூலையில் மின்மாற்றி நிற்கிறது. அதை ஒட்டி ஆழ்துளைக் கிணறு, மோட்டார் அறை. கிழக்குச் சுவரோரம் குப்பை வண்டிகள் நிற்க ஒரு தகரக் கொட்டகை. இவற்றுக்கெல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாடா பிடித்து அளந்தேன். பதினான்கு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள்தான் எட்டு வடிவ நடைபாதை, இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள், சறுக்குமரம், இரண்டு சிமெண்டு பெஞ்சுகள், ஒரு புங்கமரம். மாலை ஐந்து மணிக்கு டென்னிஸ் பந்தோடு பையன்கள் வருகிறார்கள். வாசலில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை இருக்கிறது.

இந்த எட்டு சென்ட்டையும் யாரும் திருடவில்லை. தெருவுக்கு மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், குப்பை அள்ள வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான தேவை. ஒவ்வொரு முறையும் இடம் தேடியபோது கண்ணில் பட்டது இதுதான். “சும்மாதானே சார் கிடக்குது” என்று மோட்டார் அறை கட்ட வந்த ஒப்பந்ததாரர் என்னிடம் சொன்னார். அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லின் பின்னால் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம் ஊர்களில் உள்ளாட்சி அமைப்புகளின் கையில் திறந்தவெளி நிலம் பலமுறை வந்து சேர்ந்திருக்கிறது. அது கைநழுவிய கதைகளில் ஆக்கிரமிப்பாளரைவிட அதிகமாகத் தென்படுவது, இன்னொரு நல்ல காரியத்துக்காக அதை எடுத்துக்கொண்ட பொதுத் துறைகள்தான்.

சென்னையில் இதன் முதல் பெரிய சாட்சி ஒரு ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கிறது. பார்க் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஏறுபவர்களில் எத்தனை பேர், எந்தப் பார்க் என்று கேட்டிருப்பார்கள்? பார்க் டவுன் என்ற பெயரும் அதே பூங்காவிலிருந்து வந்ததுதான். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின்போது அரசுப் பொறுப்பில் இருந்து அவர் காட்டிய கடுமைக்காக அந்நாட்டில் இன்றும் வெறுக்கப்படுபவர். சென்னையில் அவர் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தார். புதிய வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கியவற்றில் ஒன்று பீப்பிள்ஸ் பார்க். இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் அன்றைய கறுப்பர் நகரத்துக்கு மேற்கே 116 ஏக்கர். பதினொரு குளங்கள், மரங்கள், சாலைகள், பேண்டு வாத்திய மேடை. எட்வர்டு பால்ஃபர் 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய உயிரியல் பூங்காவும் பின்னர் இங்கேதான் வந்தது. சந்து பொந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் மாலையில் வந்து காற்று வாங்க ஓர் இடம். அதன் பராமரிப்பு நகராட்சியின் கைக்குப் போனது.

பிறகு நடந்ததை அந்தப் பகுதியில் ஒரு சுற்று நடந்தாலே படித்துவிடலாம். 1880களில் விக்டோரியா பொது மண்டபத்துக்காக ஒரு பகுதி 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. அதற்குப் பெயர் தந்த ஜார்ஜ் மூர் மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1913இல் ரிப்பன் மாளிகை. மாநகராட்சி தன் தலைமை அலுவலகத்தையே, தான் காக்க வேண்டிய பூங்காவின் நிலத்தில் கட்டிக்கொண்டது. பின்னர் மாநகராட்சி விளையாட்டரங்கம் வந்தது. 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்த அந்த இடத்தில்தான் 1990களில் இன்றைய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. மூர் மார்க்கெட் 1985இல் தீயில் அழிந்தபின் அங்கே புறநகர் ரயில் முனையம் வந்தது. அதே ஆண்டில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இங்கிருந்த விலங்குகள் அங்கே போயின. மிச்சமிருப்பது மை லேடீஸ் பூங்காவும் ஓரிரு துண்டுகளும்.

இந்தப் பட்டியலில் எதைப் பார்த்து இது வேண்டாம் என்று சொல்வது? நகரத்துக்கு மண்டபம் வேண்டும், சந்தை வேண்டும், நகராட்சிக்கு அலுவலகம் வேண்டும், ரயில் முனையம் வேண்டும். விளையாட்டரங்கமும் மக்களின் பொழுதுபோக்குக்குத்தான். என் தெருவின் மின்மாற்றிக்கும் ரிப்பன் மாளிகைக்கும் அளவில்தான் வேறுபாடு. காரணம் ஒன்றே: கட்டடம் இல்லாத நிலத்துக்கு நிர்வாகத்தின் கணக்கில் வேலை இல்லை. வேலை இல்லாத நிலம் காலியிடம். காலியிடத்தில் எதையாவது கட்டுவது முன்னேற்றம்.

இந்தப் போக்கைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1959ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க இந்த மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பூங்கா, திடல், திறந்தவெளி அனைத்தையும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது. எளிமையான, நல்ல சட்டம். அதன் உயிர் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பூங்காவுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. உங்கள் ஊர்ப் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ போய் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த பெரிய கருவி, மக்கள் வாயில் ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று வழங்கும் திறந்தவெளி ஒதுக்கீடு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வந்த வளர்ச்சி விதிகள் இதற்கு அடிப்படை. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் விதி தெளிவாக இருக்கிறது. 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு இல்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், நிலமாகத்தான் தர வேண்டும். பணமாகக் கட்ட முடியாது.

நகரம் விரியும்போதே அதன் மூச்சுக்கான இடத்தையும் சேர்த்து எடுத்து வைப்பதென்பது உண்மையிலேயே தொலைநோக்குள்ள ஏற்பாடு. அரசுக்கு ஒரு காசு செலவில்லாமல் உள்ளாட்சியின் கைக்கு நிலம் வருகிறது. 2011இல் சென்னை மாநகராட்சி ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகளை இணைத்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, புதிய பகுதிகளில் பூங்கா அமைக்கப் பெரும்பாலும் கிடைத்தவை இந்த ஒதுக்கீட்டு நிலங்களே. இந்த விதியை எதிர்த்துக் குடியிருப்பு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, 1991இல், பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா கட்டாயமான பொதுத் தேவை, ஆட்சியில் இருப்பவர் விருப்பப்படி மாற்றக்கூடிய சலுகை அன்று என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் படித்து வைத்திருக்க வேண்டும்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தானப் பத்திரம் பதிவாகிவிடுகிறது, பட்டா மாறுவதில்லை. பதிவுத் துறையின் ஏட்டில் நிலம் உள்ளாட்சியுடையது. வருவாய்த் துறையின் ஏட்டில் அது இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் கிடக்கிறது. அவர் காலமானபின் வாரிசுகள் பட்டாவைக் காட்டி உரிமை கொண்டாட வரும்போது உள்ளாட்சி வழக்குமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. பட்டா மாறுதல் என்பது ஒரு மனுவும் சில வாரங்களும் பிடிக்கும் வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் வரும் வழக்கு ஒரு தலைமுறைக்கு நீளும். என் தெருப் பூங்காவுக்காக நானும் இந்த விவரத்தைத் தேடிப் போனேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது மூன்றாவதைக் கைகாட்டியது. மூன்றாவது அலுவலகத்தில் இருந்தவர் என்னை உட்காரவைத்து, பொறுமையாகக் கணினியில் தேடி, சர்வே எண் உட்பிரிவே செய்யப்படவில்லை என்று சொன்னார். உட்பிரிவு ஆகாத நிலத்துக்குத் தனிப் பட்டா எங்கிருந்து வரும்?

சிறியதாக இருப்பதும் இந்த நிலங்களுக்கு ஒரு சாபம். ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. பத்து மனைப்பிரிவுகளிலிருந்து வந்த பத்துத் துண்டுகள் சேர்ந்து ஒரு விளையாட்டுத் திடல் ஆவதில்லை. நகரின் பெரிய பசுமைகளைப் பாருங்கள். 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. அடையாறு தொல்காப்பியப் பூங்கா மாநில அரசு அமைத்த அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா மீன்வளத் துறை அமைத்தது. கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையுடையது. எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்களைப் பராமரிக்கும் மாநகராட்சியின் கையில் பெரும்பாலும் இருப்பவை நான்கு கிரவுண்டு, ஆறு கிரவுண்டுத் துண்டுகள். பெரிய நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களை வார்டு மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினரிடம் கேட்டால், “அது நம்ம கண்ட்ரோல்ல இல்லீங்க” என்பார். அவர் சொல்வது உண்மைதான்.

மாநகராட்சியிடமே உள்ள பெரிய பூங்காக்களும் நிலையானவை அல்ல. செனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ ரயில் நிலையத்துக்காக எடுத்தபோது மரங்கள் வெட்டப்பட்டன. பத்தாண்டுக்கு மேல் அது மக்களுக்கு மூடியே கிடந்தது. இப்போது நிலத்தடியில் நிலையமும் மேலே புதிய பூங்காவும் இருக்கின்றன. திரும்பக் கிடைத்ததே பெரிது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 2011இல் ஐந்து வயதாக இருந்த ஒரு செனாய் நகர்ப் பிள்ளைக்கு அந்தப் பூங்கா திரும்பி வரவே இல்லை. குழந்தைப் பருவம் பத்தாண்டு காத்திருக்காது.

இனி ‘புறம்போக்கு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் நேர்ப்பொருள். மேய்ச்சல் நிலம், ஏரி உள்வாய், ஓடைக்கரை, களம், மந்தைவெளி, இடுகாடு என்று ஊரின் பொது வாழ்வு முழுவதும் அந்த நிலங்களில்தான் நடந்தது. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் பாத்தியதை உள்ள நிலம். வருவாய் தராத நிலம் என்று அரசு ஏடு அதைப் பிரித்து எழுதியது. காலப்போக்கில் அந்தப் பிரிவினை ஒரு மதிப்பீடாக மாறி, உதவாத நிலம் என்றாகி, கடைசியில் உதவாத மனிதனைத் திட்டும் வசையாகவும் ஆகிவிட்டது. ஒரு மொழி தன் பொது நிலத்தின் பெயரையே வசைச்சொல்லாக ஆக்கிக்கொண்டபின் அந்த நிலத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த பாடல் இந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டு அதன் மானத்தை மீட்க முயன்றது. அது அவசியமான முயற்சி என்று நினைக்கிறேன்.

‘சதுப்பு’, ‘கழுவெளி’ போன்ற சொற்களுக்கும் இதே கதிதான். பள்ளிக்கரணை கழுவெளி தென்சென்னையின் மழைநீரில் பெரும்பகுதியை வாங்கி, மெல்ல ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்பும் இயற்கை ஏற்பாடு. அதன் மேல் சாலை போனது, ரயில் நிலையம் வந்தது, ஆய்வு நிறுவனங்களும் அலுவலகக் கட்டடங்களும் எழுந்தன. பெருங்குடியில் இருநூறு ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் மாநகராட்சியே பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. இப்போது அதே குப்பை மலையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் வேலைக்கு மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவு செய்கிறது. கொட்டும்போது இலவசமாகத் தெரிந்த இடத்துக்கான விலை இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரும் அந்த விலையின் ஒரு பகுதி.

மாநகராட்சிகளின் பார்வை இதில் கொஞ்சம் மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் சென்னையின் சிறு பூங்காக்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றில் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்ற பெயரில் பள்ளம் தோண்டி, மழைநீர் இறங்கக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பியிருக்கிறார்கள். இடம் சிறியதுதான். ஆனால் பூங்காவுக்கு ஒரு ‘வேலை’ கிடைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் தேக்கும் குழி இருக்கும் இடத்தில் அடுத்த அதிகாரி வந்து கட்டடம் எழுப்பத் தயங்குவார். மரத்துக்கும் விளையாட்டுக்கும் கிடைக்காத பாதுகாப்பு குழிக்குக் கிடைக்கிறது. இதில் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சம அளவில் இருக்கின்றன. பையன்கள் ஓடியாடுவதும் ஒரு நிலம் செய்யும் வேலைதான் என்று எந்த ஏட்டில் எழுதுவது?

காப்பதற்கும் அனுபவிப்பதற்கும் இடையே ஓர் இழுபறியும் இருக்கிறது. அடையாறு கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில், கட்டட இடிபாடுகளும் குப்பையும் நிறைந்திருந்த நிலத்தைச் சீர்செய்து 2011இல் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். நீர்நிலையின் உயிர்களைக் காப்பது அதன் முதல் நோக்கம் என்பதால் நினைத்த நேரத்தில் போய் உட்காரும் இடமாக அது அமைக்கப்படவில்லை. அந்தக் கட்டுப்பாடு சரியானதே. ஆனால் அதன் சுவரை ஒட்டி வாழும் மக்கள் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் வளர்ந்தால், நாளை அதைக் காக்க யார் வருவார்கள்? கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரை மரப் பூங்கா இதற்கு வேறொரு விடை தருகிறது. குப்பை மேடாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தில் 2006 முதல் ‘நிழல்’ அமைப்பினர் உள்ளூர் மக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நாட்டு மரங்களாக நட்டு வளர்த்தார்கள். வாரக் கடைசியில் தண்ணீர் ஊற்றவும் களை பறிக்கவும் வந்தவர்களுக்கு அந்த மரங்களின் பெயர் தெரியும். பெயர் தெரிந்த மரத்தை வெட்டவிட மாட்டார்கள்.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போனால் பயன்பாடே காவலாக இருப்பதைப் பார்க்கலாம். அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயர் தாங்கிய அந்தப் பூங்காவை ஒரு தனியார் நிறுவனம் நெடுங்காலமாகப் பராமரிக்கிறது. காலையில் நடப்பவர்கள், பெஞ்சில் பேப்பர் படிப்பவர்கள், மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒலிபெருக்கி இல்லாமல் பிள்ளைகள் பாடும் கச்சேரி. அந்த இடத்தைப் பார்த்து ‘சும்மா கிடக்கிறது’ என்று யாராலும் சொல்ல முடியாது. மயிலாப்பூருக்கு ஆதரிக்க ஒரு நிறுவனம் கிடைத்தது. வியாசர்பாடிக்கும் கண்ணகி நகருக்கும் அப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அங்கெல்லாம் உள்ளாட்சியின் பணம்தான் வர வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் என்ற ஊரைச் சொல்லியே ஆக வேண்டும். ராக்கி மலையடிவாரத்தில், இன்று ஒரு லட்சத்தையொட்டிய மக்கள்தொகை கொண்ட ஊர். 1959இல் அவ்வூர் மக்கள், மலைச்சரிவில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நகரம் குடிநீர் வழங்காது என்று வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள். தண்ணீர் போகாத இடத்துக்கு வீடும் போகாது. 1967இல் இன்னொரு வாக்கெடுப்பு. கடைகளில் வாங்கும் பொருளுக்கு நூற்றுக்கு ஒன்று என்று தங்களுக்குத் தாங்களே விற்பனை வரி விதித்துக்கொண்டார்கள். அதில் நாற்பது விழுக்காடு திறந்தவெளி நிலம் வாங்க மட்டுமே. மிச்சம் சாலைகளுக்கு. அந்தப் பணத்தில் ஆண்டுக்காண்டு பண்ணைகளையும் புல்வெளிகளையும் விலைக்கு வாங்கி வாங்கி, இன்று அந்தச் சிறு நகராட்சியின் பொறுப்பில் 45,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அது 180 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சி முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் நகராட்சிகளுக்கு விற்பனை வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. போல்டரிலும் எல்லாம் சுகமில்லை. சுற்றிலும் நிலத்தைப் பூட்டி வைத்ததால் ஊருக்குள் வீட்டு விலை எகிறி, அங்கே வேலை பார்க்கும் பலர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து போகிறார்கள். அந்த நிலம் ஒரு காலத்தில் அரபாஹோ பழங்குடியினரின் நிலம் என்பதும் அங்கே இன்று பேசப்படும் விஷயம். எனினும் ஒரு விஷயத்தை நாம் கவனிக்கலாம்: நிலம் காக்க என்றே பெயரெழுதிய தனிப் பணம். வேறு எதற்கும் எடுக்க முடியாத பணம்.

இப்படியொரு ஏற்பாடு நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பெருமுயற்சியால் வந்த நூலக வரி நம் கண்முன்னே இருக்கிறது. இன்றும் நீங்கள் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. உள்ளாட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் தர வேண்டும். அந்தப் பணம் உரிய காலத்தில் போய்ச் சேர்வதில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. அப்படியிருந்தும் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கிளை நூலகங்கள் நிலைத்திருக்க அந்த வரி ஒரு முக்கியக் காரணம். புத்தகத்துக்குத் தனி வரி விதிக்க 1948லேயே துணிந்த மாநிலம், பூங்காவுக்கும் திடலுக்கும் நீர்நிலைக் கரைக்கும் அதைப்போல ஒரு சிறு பங்கை ஒதுக்குவது பற்றி ஏன் விவாதிக்கக்கூட இல்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஒதுக்கீட்டு நிலத்துக்குப் பதிலாகக் கட்டும் பணத்தையும் அதே வார்டில் நிலம் வாங்கவே செலவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இன்னும் நல்லது. நிலம் இழந்த தெருவும் பணம் போய்ச் சேரும் இடமும் வெவ்வேறாக இருப்பதில் என்ன நியாயம்?

பணமும் சட்டமும் மட்டும் போதாது என்பதற்கு மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியைப் பார்க்க வேண்டும். ஏழு குன்றுகள், சுனைகள், ஏரிகள், குடைவரைக் கோயில், தமிழி எழுத்துக் கல்வெட்டுகள், வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டும் பாறைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஒரு நிறுவனத்துக்குப் போனது. அப்போது அந்த வட்டார ஊராட்சிகள் கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டன. மக்கள் மதுரைக்கு நடந்தார்கள். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானத்துக்கு மட்டுமே அந்த வலிமை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் ஊராகக் கூடி, ஏட்டில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்ப ஒரு மேடை அவர்களுக்கு இருந்தது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798லேயே ஆட்சியரிடம் ஆணை வாங்கிய மரபின் தொடர்ச்சியாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

நகரத்து வார்டுக்கு அப்படி ஒரு மேடை நீண்டகாலம் இல்லை. 2022இல்தான் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. எங்கள் வார்டில் நடந்த ஒரு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முப்பது பேர் வந்திருந்தோம். கழிவுநீர், தெருநாய், தெருவிளக்கு என்று பேச்சு போனது. என் முறை வந்தபோது மூன்றே கோரிக்கைகள் வைத்தேன்: பூங்கா நிலத்தை உட்பிரிவு செய்து உள்ளாட்சி பெயரில் பட்டா வாங்குங்கள், 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பட்டியலில் ஏற்றுங்கள், சர்வே எண்ணையும் 22 சென்ட் என்ற அளவையும் வாசலில் பலகையாக வையுங்கள். எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, “அப்படியே மத்தியானத்துல கேட்டைப் பூட்டாம வைக்கச் சொல்லுங்க சார், தெருக் கூட்டுற பொம்பளைங்க சாப்பிட உட்கார எடமில்ல” என்றார். எனக்குத் தோன்றாத கோரிக்கை அது. நான்காவதாக அதையும் சேர்த்தோம்.

அன்று மாலை வீடு திரும்பும்போது பூங்காவில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பையன்கள் இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி விதிகளைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். மோட்டார் அறைச் சுவரில் பட்டால் இரண்டு ரன். மின்மாற்றி வேலிக்குள் விழுந்தால் அடித்தவன் அவுட், அடுத்த பந்து வாங்கும் செலவும் அவனுடையது. தகரக் கொட்டகை மேல் விழுந்தால் என்ன என்பதில் மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை.